றீஜன்ட் பார்க் பக்கம் வாடகைக்கு வீடு பார்ப்பவர்களுக்கு

ரொறொன்ரோ டவுன்டவுனில் வேலை கிடைத்திருக்கிறது, அதன் கிழக்குப் பக்கத்து றீஜன்ட் பார்க்கில் வீடு பார்க்கிறேன் என்று ஸ்காபரோவில் இருக்கும் சித்தப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். "அங்கையோ? அது கூடாத இடமெல்லே!" என்பார். அவர் சொல்வது தொண்ணூறுகளின் கதை. எண்பதுகளில் வந்த எங்கள் ஆக்கள் கனபேர் முதலில் குடியிருந்தது அதற்குக் கொஞ்சம் வடக்கே, செயின்ட் ஜேம்ஸ் டவுன் மாடிகளில்தான் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்.

றீஜன்ட் பார்க் 1940களின் கடைசியில் கட்டத் தொடங்கிய இடம். கனடாவின் முதல் பெரிய அரசு வீட்டுத் திட்டம், 69 ஏக்கர். 2005இலிருந்து பழைய கட்டிடங்களைப் பகுதி பகுதியாக இடித்துத் திரும்பக் கட்டுகிறார்கள். முன்பு இருந்த குடும்பங்களுக்குத் திரும்பி வரும் உரிமை உண்டு. அவர்களுடைய மலிவு வாடகை வீடுகளும், கொண்டோ என்று விலைக்கு விற்கும் அடுக்குமாடி வீடுகளும் ஒரே தெருவில் நிற்கின்றன. புதிதாக வரும் நீங்கள் அந்த மலிவு வாடகை வீட்டை உடனே எதிர்பார்க்க வேண்டாம். மாநகரத்தின் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போட்டு வையுங்கள், ஆண்டுகள் ஆகும். கையில் கிடைக்கப்போவது பெரும்பாலும் ஒருவர் வாங்கி வாடகைக்கு விடும் கொண்டோதான்.

அதைப் பார்க்கப் போகும்போது ஜிம்மையும் மொட்டை மாடியையும் பிறகு பார்க்கலாம். முதலில் கேட்க வேண்டியது, இந்தக் கட்டிடத்தில் ஆட்கள் எப்போது குடிவந்தார்கள் என்பது. ஒன்ராறியோவில் 2018 நவம்பர் 15 வரைக்கும் ஆள் குடியிருக்காத புதிய கட்டிடங்களுக்கு வாடகை உயர்வு வரம்பு கிடையாது. அதற்கு முந்தியவற்றுக்கு உண்டு. 2026க்கான வரம்பு 2.1 சதவீதம். மாத வாடகை 2,400 டொலர் என்றால், பழைய கட்டிடத்தில் ஆண்டுக்கு ஒருமுறை அதில் 50 டொலர் சொச்சம்தான் கூட்டலாம். தெருவுக்கு அந்தப் பக்கம் புதிதாக எழுந்ததில் 400 டொலர் கூட்டினாலும் கேட்க முடியாது. 12 மாதத்துக்கு ஒரு தடவை, 90 நாள் முன்னதாக எழுத்தில் அறிவித்தால் போதும். றீஜன்ட் பார்க்கின் முதல் கட்டக் கட்டிடங்கள் அந்தத் தேதிக்கு முந்தியவை, கடைசியாக முடிந்தவை பிந்தியவை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பளபளப்பு. புதுக் கட்டிடத்தில் முதல் மாதம் இலவசம் என்று கொடுத்து இழுப்பார்கள். அந்தக் கணக்கை இரண்டாம் வருடத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில் ஊர்ப் பழக்கம் இங்கே செல்லாது. முதல் மாத வாடகையோடு, கடைசி மாத வாடகையைத்தான் முன்பணமாகக் கேட்கலாம். சாவிக்குத் திருப்பித் தரும் சிறு தொகை வாங்கலாம். சேதத்துக்கென்று தனியாகப் பணம் பிடிப்பதும், பின்தேதியிட்ட காசோலைகளைக் கட்டாயமாகக் கேட்பதும் சட்டப்படி தவறு. இங்கே கிரெடிட் (கடன் வாங்கிக் கட்டிய பதிவு) இல்லாத புது ஆள் என்று தெரிந்தால் கேட்டுத்தான் பார்ப்பார்கள்.

அப்புறம் ஜன்னல். ஜன்னலுக்கு எதிரே வெற்று நிலம் இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். இறங்கிப் போய் வேலியில் மாநகரத்தின் அறிவிப்புப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை மாடிக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று அதில் போட்டிருக்கும். கட்டுமானச் சத்தத்துக்கு நேரம் உண்டு: வார நாளில் காலை 7 முதல் மாலை 7 வரை, சனிக்கிழமை காலை 9 முதல். ஞாயிறும் அரசு விடுமுறையும் கூடவே கூடாது. மீறினால் மாநகரத்தின் 311 எண்ணுக்கு அழைக்கலாம். ஆனால் இடைவிடாமல் கொங்கிரீட் ஊற்றும் வேலைக்கு விலக்கு உண்டு, அந்த இரவுகளைப் பொறுத்துத்தான் ஆக வேண்டும். இரவு வேலைக்குப் போய்ப் பகலில் தூங்குகிறவர் என்றால் இந்த வட்டாரமே வேண்டாம் என்பேன்.

பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இந்த இடம் தரும் நல்லதும் உண்டு. 2012இல் திறந்த நீச்சல் குளம் இலவசம்; பெண்கள் மட்டும் நீந்தும் நேரத்தில் கண்ணாடிச் சுவருக்குத் திரை இறக்கிவிடுவார்கள். வெளியே நீந்தக் கூச்சப்படும் அம்மாமார் அங்கே போகலாம். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடத்தில் உதவும் பாத்வேஸ் டு எஜுகேஷன் 2001இல் தொடங்கியதே இங்கேதான். சேர்க்க முடியுமா என்று விசாரியுங்கள். டன்டாஸ் வீதியில் 505 ஸ்ட்ரீட்கார் ஓடுகிறது, பார்லிமென்ட் வீதியில் 65ஆம் பஸ். குயின் வீதி 501 ஸ்ட்ரீட்காரை நம்பி நேரம் குறிக்காதீர்கள். ஒன்ராறியோ லைன் என்ற புதிய சுரங்க ரயில் பாதை வேலைக்காக டவுன்டவுனுக்குள் அது சுற்றிப் போகிறது.

கொண்டோ வாடகை கட்டுப்படியாகாது என்று சுற்றுவட்டாரத்துப் பழைய வீடுகளில் அறை எடுப்பவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். சமையலறையையோ குளியலறையையோ வீட்டுக்காரரோடு பகிர்ந்தால் வாடகைச் சட்டம் உங்களைக் காக்காது. மற்றது, இடிக்கப் போகிறோம், திருத்தப் போகிறோம் என்று வரும் கடிதம். முறையான அறிவிப்பு என்-13 படிவம். குறைந்தது 120 நாள் தர வேண்டும், இழப்பீடும் உண்டு. திருத்தவேலை என்றால் முடிந்தபின் திரும்பி வரும் உரிமையும் இருக்கிறது, ஆனால் வெளியேறுமுன் எழுத்தில் கேட்டு வைத்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு ஒரு கவரில் பணத்தையும் என்-11 படிவத்தையும் நீட்டினால், அது நீங்களாகவே விருப்பப்பட்டுப் போகிறீர்கள் என்று எழுதித் தருவது. மறுக்கலாம். "நாளைக்குச் சொல்கிறேன் அண்ணா" என்று கதவைச் சாத்திவிட்டு, படிவத்தை எடுத்துக்கொண்டு குயின் வீதி கிழக்கில் இருக்கும் நெய்பர்ஹுட் லீகல் சர்வீசஸுக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம்.