நெரிசலில் ஏறும் சூடு: என் அனுபவம்

சென்னை கத்திப்பாரா நெரிசலில் காரின் டெம்பரேச்சர் முள் ஏறி, ஜி.எஸ்.டி. ரோட்டில் வேகம் பிடித்ததும் இறங்கினால் முதல் சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன்தான். என் பழைய காரில், சூடேறியதும் ஃபேனை ஓடவைக்கும் சுவிட்சின் இரண்டு ஒயரையும் நேராக இணைத்தேன், ஃபேன் சுற்றியது. மோட்டார் நலம், சுவிட்ச் அவுட். புது ஒரிஜினல் சுவிட்ச் போட்டாலே போதும், பெரிய ஃபேனாக மாற்றுவது வீண்செலவு.

எஞ்சின் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் ரப்பர் வெடித்திருந்தது. 0.9 பார் மூடி அழுத்தம் பிடித்தால் வெறும் தண்ணீரே சுமார் 118 டிகிரிவரை கொதிக்காது; பிடிக்காவிட்டால் 100-லேயே பொங்கிவிடும்.

உள்ளே காவி நிறச் சேறு. போர் தண்ணீர் ஊற்றிய பாவம்! கழுவி, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி ஊற்றி, ஹீட்டரைத் திறந்து, குமிழி நிற்கும்வரை ஐடிலில் விட்டேன். தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழற்றி எறியாதீர்கள், மைலேஜ் விழும்.