மழைத்தண்ணீரை வைத்து ஒரு தேர்வு: நிஜப் பணி தயாரிப்பது எப்படி?

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். ஒன்பதாம் வகுப்பில் அளவியல் பாடம் முடிந்ததும், ‘உங்கள் கனவு இல்லத்தை வடிவமையுங்கள்’ என்று ஒரு செயல்பாடு கொடுத்தேன். ஒரே வாரத்தில் மேசை நிறைந்துவிட்டது. தெர்மாகோல் வீடு, ஐஸ் குச்சி வீடு, வாசலில் ஜிகினா ஒட்டிய வீடு. ஒன்றில் ஸ்டேஷனரி கடையின் விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. மதிப்பெண் போட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. கன அளவு என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குப் புரிந்ததா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். அதற்கு விடை எந்த வீட்டிலும் இல்லை. அழகைப் பார்த்து 17, 18 என்று போட்டு முடித்துவிட்டேன்.

தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் ஆண்டை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறை எட்டாம் வகுப்பு வரை வந்தபோது, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவ முடிவுத் தேர்வு) 60, வளரறி மதிப்பீட்டுக்கு (பருவத்தின் நடுவே செய்யும் செயல்பாடுகள், சிறுதேர்வுகள்) 40 என்று மதிப்பெண்ணைப் பிரித்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ‘செயல்பாடு’ என்றாலே சார்ட் என்ற பழக்கமும் கூடவே ஒட்டிக்கொண்டது. அதை எப்படி விடுவது என்று புதிதாகப் பள்ளிக்கு வந்திருக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் கணக்கு வாத்தியார் என்பதால் உதாரணமும் கணக்குதான்: பள்ளிக் கட்டடத்தின் மேல் விழும் மழைத்தண்ணீர்.

முதலில் ஒரு வேறுபாட்டைப் பார்த்துவிடலாம். ‘3 மீ நீளம், 2 மீ அகலம், 1.5 மீ ஆழமுள்ள தொட்டியின் கொள்ளளவு என்ன?’ இது பயிற்சிக் கணக்கு. ‘ராமு தன் வீட்டில் 3 மீ நீளமுள்ள தொட்டி கட்டினான்...’ என்று ஆரம்பித்தாலும் அதே கணக்குதான், ராமு சும்மா வந்து போகிறான். நிஜப் பணியில் நீளத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். பிள்ளை தானே அளக்க வேண்டும். எந்த எண் தேவை, எது தேவையில்லை என்று தானே பிரிக்க வேண்டும். கடைசியில் ஒரு முடிவெடுத்து, அந்த முடிவு தேவைப்படும் ஓர் ஆளிடம் காரணத்தோடு சொல்ல வேண்டும்.

படி 1: எதைப் பார்க்கப் போகிறீர்கள்?

பணியை யோசிப்பதற்கு முன்னால் ஒரு தாளில் இப்படி ஒரு வாக்கியம் எழுதுங்கள்: ‘இந்தப் பாடம் புரிந்த பிள்ளை ______ செய்யும், புரியாத பிள்ளை ______ செய்யும்.’ என் தாளில் இருந்தது இது: ‘புரிந்த பிள்ளை பரப்பளவையும் மழையின் உயரத்தையும் பெருக்கினால் கன அளவு வரும் என்று தானாகக் கண்டுபிடிக்கும், அலகுகளை ஒரே அலகுக்கு மாற்றும், வந்த விடை நம்பும்படி இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கும். புரியாத பிள்ளை கண்ணில் படும் எண்களையெல்லாம் பெருக்கும்.’

பெரும்பாலானோர் தாண்டிப் போகும் படி இதுதான். நானும் அப்படித் தாண்டித்தான் கனவு இல்லத்தில் போய் மாட்டிக்கொண்டேன். இந்த வாக்கியத்தை எழுத வரவில்லை என்றால் பணிக்குப் போகாதீர்கள். பாடத்தை இன்னொரு முறை படியுங்கள்.

படி 2: அந்த அறிவு வெளியே எங்கே வேலை செய்கிறது?

கன அளவை நிஜமாகவே பயன்படுத்துபவர் யார்? கொத்தனார், தண்ணீர் லாரிக்காரர், சம்ப் கட்டுபவர். பக்கத்தில் ஒருவர் இருந்தால் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். நான் பேசிய கொத்தனார் சூத்திரமே சொல்லவில்லை. ‘ஒரு கன மீட்டர்னா ஆயிரம் லிட்டர் சார், அதுக்கு மேல என்ன?’ என்றார். என் பணியின் முதுகெலும்பு அந்த ஒரு வரிதான்.

பள்ளிக்கு உள்ளேயே இருக்கும் தேவையைத் தேடுங்கள். எங்கள் பள்ளியில் கழிப்பறைக்குத் தண்ணீர் போதாது. மொட்டை மாடியில் விழும் மழையோ குழாய் வழியே நேராகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. தேடவே வேண்டியிருக்கவில்லை.

படி 3: பணித்தாளை எழுதுங்கள்

அமெரிக்கக் கல்வியாளர்கள் கிராண்ட் விக்கின்ஸும் ஜே மெக்டையும் இதற்கு ஒரு சட்டகம் தந்திருக்கிறார்கள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதை ‘கிராஸ்ப்ஸ்’ என்பார்கள். தமிழில் ஆறு கேள்விகளாக வைத்துக்கொள்ளலாம். என்ன நடக்க வேண்டும், பிள்ளை யாராக நின்று செய்கிறது, யாருக்காகச் செய்கிறது, நிலைமை என்ன, கையில் என்ன தர வேண்டும், எதை வைத்து மதிப்பிடுவோம். ஆறையும் தலைப்பாகப் போட்டுத் தாளை நிரப்ப வேண்டியதில்லை. எழுதிய தாளில் ஆறுக்கும் விடை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ‘நீ ஒரு விஞ்ஞானி’ என்பது போன்ற வேடங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. பிள்ளை பிள்ளையாகவே இருந்து செய்யக்கூடிய வேலை கிடைத்தால் அதுவே மேல்.

நான் கொடுத்த தாள் இது:

‘நம் பள்ளியின் தெற்குக் கட்டட மாடியில் விழும் மழைநீரைச் சேமிக்கத் தரைக்குக் கீழ் ஒரு தொட்டி கட்டலாமா என்று பள்ளி மேலாண்மைக் குழு யோசிக்கிறது. கட்டடத்துக்குப் பின்னால் 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடம் இருக்கிறது. பாதுகாப்புக்காக ஆழம் 1.5 மீட்டரைத் தாண்டக்கூடாது. கழிப்பறைக்கு நாளொன்றுக்கு 1200 லிட்டர் வேண்டும். மாடியில் விழும் மழையில் 85 விழுக்காடு தொட்டிக்கு வந்து சேரும் என்று வைத்துக்கொள். செய்தித்தாளில் வந்த மழையளவுப் பட்டியல்கள் இத்துடன் உள்ளன. தொட்டியை என்ன அளவில் கட்டலாம், ஏன் என்று தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுது. கணக்கை அடுத்த பக்கத்தில் காட்டு.’

மாடியின் நீள அகலத்தை வேண்டுமென்றே சொல்லவில்லை. எந்த நாள் மழையை எடுத்துக்கொள்வது என்றும் சொல்லவில்லை. நம் செய்தித்தாள்கள் மழையைச் செ.மீ. கணக்கில் போடுகின்றன, கட்டடத்தை அளப்பதோ மீட்டரில். அலகு மாற்றத்தில் தடுக்கி விழ வேண்டிய இடம் இயல்பாகவே அமைந்துவிட்டது. நானாக வைத்த பொறி இல்லை, ஊரே அப்படித்தான் எழுதுகிறது.

பட்டியலில் சாதாரண நாள் மழையோடு, 2023 டிசம்பர் 18 காலை வரையிலான ஒரு நாளில் காயல்பட்டினத்தில் பெய்த 95 செ.மீ. மழையையும் சேர்த்திருந்தேன். அதை வைத்துத் தொட்டி கட்டப் புறப்படுபவர் யார், ‘இது என்றைக்கோ ஒருநாள் வருவது, இதை வைத்து அளவு முடிவு செய்யக்கூடாது’ என்று ஒதுக்குபவர் யார் என்று பார்க்க ஆசை.

படி 4: நீங்களே செய்து பாருங்கள்

தாளை ஜெராக்ஸ் எடுப்பதற்கு முன்னால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். என் கணக்கு: மாடி 20 மீட்டருக்கு 8 மீட்டர், 160 சதுர மீட்டர். 3 செ.மீ. மழை என்றால் 0.03 மீட்டர். பெருக்கினால் 4.8 கன மீட்டர், 4800 லிட்டர். அதில் 85 விழுக்காடு 4080 லிட்டர். கழிப்பறைக்கு மூன்று நாளுக்குக் கொஞ்சம் மேலே வரும். இடம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் தொட்டி 9 கன மீட்டர், 9000 லிட்டர்.

செய்யும்போதுதான் ஓட்டைகள் தெரியும். எனக்கு இரண்டு தெரிந்தன. ஒன்று, பிள்ளைகள் அளப்பதற்காக மொட்டை மாடிக்கு ஏறுவார்கள். அது ஆபத்து. எனவே ‘கீழே நின்று வெளிச்சுவரை அளந்தால் போதும்’ என்று ஒரு வரி சேர்த்தேன். இரண்டு, என்னிடம் இருந்த டேப் 5 மீட்டர். நீளம் தாண்டுதலுக்கு வைத்திருந்த பெரிய டேப்பை பி.இ.டி. (உடற்கல்வி) சாரிடம் கேட்டு வாங்கினேன். எனக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. பிள்ளைகளுக்கு அதைப் போல மூன்று பங்கு என்று வைத்து மூன்று பீரியட் ஒதுக்கினேன். சரியாக இருந்தது.

படி 5: மதிப்பெண் அட்டவணை

இதை ரூப்ரிக் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருப்பார்கள். பத்துப் பன்னிரண்டு வரிசை போட்டுக் குழம்பாதீர்கள். நான்கு போதும், ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண். அளந்தது, கணக்கும் அலகும், முடிவுக்குச் சொன்ன காரணம், கடிதம் படிப்பவருக்குப் புரிவது. கையெழுத்துக்கும் வண்ணத்துக்கும் ஒன்றும் கிடையாது.

‘மிக நன்று, நன்று, பரவாயில்லை’ என்று கட்டங்களை நிரப்பினால் அது அட்டவணை ஆகாது. தாளில் கண்ணால் பார்க்கக்கூடியதை எழுத வேண்டும். ‘முடிவுக்குச் சொன்ன காரணம்’ என்ற வரிசையை நான் எழுதியது இப்படி:

5: எந்த மழையளவை எடுத்தேன், ஏன் மற்றதை விட்டேன் என்று சொல்லி, தொட்டி எத்தனை நாளுக்குத் தாங்கும் என்பதையும் இடத்தின் அளவையும் சேர்த்து முடிவெடுத்திருக்கிறது.
3: முடிவு கணக்கோடு ஒத்துப்போகிறது, ஆனால் மழையளவை ஏன் தேர்ந்தெடுத்தது என்று சொல்லவில்லை.
1: அளவு மட்டும் இருக்கிறது, காரணம் இல்லை, அல்லது காரணத்துக்கும் கணக்குக்கும் தொடர்பில்லை.
இடைப்பட்டால் 4 அல்லது 2.

பணித்தாளோடு இதையும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். ‘விடையைச் சொன்ன மாதிரி ஆகாதா?’ என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். ஆகாது. என்ன எதிர்பார்க்கிறோம் என்று சொல்வது வேறு, விடையைச் சொல்வது வேறு.

படி 6: நடத்தும் நாள்

வகுப்பிலேயே செய்ய வையுங்கள். வீட்டுக்கு அனுப்பினால் அப்பா அம்மாவுக்குத்தான் மதிப்பெண் போட வேண்டிவரும். அளப்பதை நான்கு பேர் கொண்ட குழுவாகவும், கணக்கையும் கடிதத்தையும் தனித்தனியாகவும் வைத்தேன். எழுதி முடித்ததும் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி: ‘மழை இரண்டு மடங்கானால் உன் முடிவு மாறுமா?’ பக்கத்தில் பார்த்து எழுதியவர் அங்கே விழி பிதுங்கி நிற்பார்.

படி 7: தாள்களைப் படிப்பது

இரண்டு தாள்களை மட்டும் சொல்கிறேன். ஒரு மாணவி, வகுப்புத் தேர்வுகளில் எப்போதும் 90-க்கு மேல். 3 செ.மீட்டரை 0.3 மீட்டர் என்று மாற்றியிருந்தாள். வந்த விடை 48,000 லிட்டர், அதில் 85 விழுக்காடு 40,800. அசரவே இல்லை, ‘ஆகவே ஐந்து தொட்டிகள் தேவை’ என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தாள். ஐந்து தொட்டிக்கு இடம் எங்கே என்ற கேள்வி அவளுக்கு வரவில்லை.

இன்னொருவன், தேர்வில் தேறுவதே சிரமம். அவனும் அதே இடத்தில் அதே தப்பைச் செய்து, பிறகு அடித்துவிட்டு ஓரத்தில் எழுதியிருந்தான்: ‘48,000 என்றால் நாலு லாரி தண்ணி. ஒரு மழைக்கு அவ்வளவு வராது. எங்கோ தப்பு.’ அடுத்த வரியில் 0.03. அவன் தெருவுக்கு வாரம் ஒருமுறை வரும் லாரி 12,000 லிட்டர் என்று அவனுக்குத் தெரியும். கடிதத்தில் எழுத்துப்பிழை ஏராளம். ஆனால் படி 1-இல் நான் எழுதி வைத்த ‘திரும்பிப் பார்க்கும்’ பிள்ளை அவன்தான். வழக்கமான தேர்வில் அந்த ஓரக் குறிப்புக்கு இடமே கிடையாது.

அட்டவணை சரியா என்று சோதிக்க, ஐந்து தாள்களைப் பெயரை மறைத்து அறிவியல் ஆசிரியையிடம் கொடுத்தேன். மூன்றில் ஒத்துப்போனோம். இரண்டில் ‘கடிதம் புரிவது’ என்ற வரிசையில் இரண்டு மதிப்பெண் வித்தியாசம். அவர் எழுத்துப்பிழைக்குக் குறைத்திருந்தார், நான் குறைக்கவில்லை. தப்பு அட்டவணையில்தான். ‘கணக்குத் தெரியாதவர் படித்தாலும் என்ன கட்ட வேண்டும் என்று விளங்கும், எழுத்துப்பிழைக்குக் குறைப்பதில்லை’ என்று மாற்றி எழுதினேன். இந்த ஒரு வேலையை மட்டும் சோம்பல் பார்க்காமல் செய்துவிடுங்கள், அரை மணி நேரம்தான்.

வகுப்பில் பாதிக்கு மேல் செ.மீ. மாற்றத்தில் தடுக்கியிருந்ததால், அடுத்த நாள் ஒரு சதுர மீட்டருக்குச் சாக்பீஸால் கட்டம் போட்டு, அதன் மேல் 1 மி.மீ. மழை பெய்தால் சரியாக 1 லிட்டர் என்பதை ஒரு பாட்டில் தண்ணீரோடு காட்டினேன். பத்து நிமிடப் பாடம். மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு அதோடு விட்டிருந்தால் இந்தத் தப்பு பொதுத் தேர்வு வரைக்கும் கூடவே வந்திருக்கும்.

வேறு பாடம் எடுப்பவர்களுக்கு ஒன்றிரண்டு: சமூக அறிவியலில், கிராம சபையில் வைக்க ஒரு கோரிக்கை மனு. தமிழ்நாட்டில் சபை கூடும் நாள்களில் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இரண்டும் கல்வியாண்டுக்குள் வருவதால் மனுவை உண்மையிலேயே கொண்டுபோய்க் கொடுக்கலாம். தமிழில், பள்ளி விடும் நேரத்துக்குப் பேருந்து கேட்டுப் பணிமனைக்கு ஒரு கடிதம். படி 1-ஐ மட்டும் அங்கேயும் விட்டுவிடாதீர்கள்.

எல்லாம் முடிந்து, நல்ல கடிதங்கள் ஆறைத் தலைமையாசிரியர் மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றையும் நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ‘எல்லாம் சரி, எவ்வளவு ஆகும்னு ஒருத்தரும் எழுதலையே?’ என்றார். பணித்தாளில் செலவைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வருடத் தாளில் செங்கல் விலையும் சிமெண்ட் விலையும் சேர்ந்திருக்கின்றன. பீரியட் மூன்று போதவில்லை, நான்காக்கியிருக்கிறேன்.