பழைய ரயில் தடத்தில் கிராவல் சைக்கிள்: டெர்பிஷயரின் மேட்டுநிலத்தில் ஒரு நாள்

இங்கிலாந்தில் கிராவல் சைக்கிள் (கப்பிப் பாதையிலும் தார்ச்சாலையிலும் ஓட்ட ஏற்ற, அகலமான டயர் போட்ட சைக்கிள்) வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எங்கே போய் ஓட்டுவது?" என்றுதான். நான் டெர்பியில் குடியிருக்கிறேன். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவின் தெற்குப் பகுதி, வொயிட் பீக் என்று சொல்லப்படும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். மேடு பள்ளத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் அந்த மேட்டுக்கு மேலேயே ஒரு காலத்தில் ரயில் ஓடியது. தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகு அந்தத் தடங்கள் கப்பிப் பாதைகளாகிவிட்டன. முதல் பயணத்துக்கு அவற்றைப் பிடித்துக்கொண்டு போங்கள். கரடுமுரடான குறுக்கு வழிகளைப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

கிளம்புவதற்கு முன் வரைபடம். போன் ஆப் காட்டும் கோட்டை மட்டும் நம்பாதீர்கள். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் ஆரஞ்சு அட்டை போட்ட எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் இந்தப் பகுதிக்கான எண் ஓஎல் 24. நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர். அதில் பச்சை நிறத்தில் குட்டிக் குட்டிக் கோடுகளாக ஓடுவது ஃபுட்பாத். அங்கே சைக்கிள் ஓட்ட நமக்கு உரிமை இல்லை. நீளக் கோடுகளாக ஓடுவது பிரைடில்வே. குதிரைக்காக ஏற்பட்ட அந்த வழிகளில் சைக்கிளும் போகலாம் என்று 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் அனுமதி தந்தது. கூடவே, நடப்பவர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் வழிவிட வேண்டும் என்ற கடமையும் வந்தது. தரையில் இறங்கினால் அம்புக்குறியைப் பாருங்கள்: மஞ்சள் என்றால் நடப்பவர்களுக்கு மட்டும், நீலம் என்றால் நமக்கும் உண்டு.

அதே வரைபடத்தில் தார்ச்சாலை மீது சின்ன அம்பு ஒன்று இருந்தால் 14 முதல் 20 சதவீத ஏற்றம். இரண்டு அம்பு இருந்தால் அதற்கும் மேல். எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவதை விட, எத்தனை அம்பு என்று எண்ணிப் பார்ப்பது உங்கள் முழங்காலுக்கு நல்லது.

சரி, வழிக்கு வருவோம். நான் முதலில் அழைத்துப் போகும் சுற்று சுமார் 65 கிலோமீட்டர். டெர்பியிலிருந்து மேட்லாக் போகும் ரயிலில் ஏறி குரோம்ஃபோர்டில் இறங்குங்கள். ரயிலில் சைக்கிளுக்கு இடம் கொஞ்சம்தான், அதனால் காலையிலேயே கிளம்புவது நல்லது. ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1771இல் தொடங்கிய நூற்பாலை நிற்கும் ஊர் இது. அங்கிருந்து கால்வாய்க்கரை வழியாக ஹை பீக் ஜங்ஷன். கரை ஒடுக்கம், நடப்பவர்களும் அதிகம். நான் அங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போவேன்.

ஜங்ஷனில் தொடங்குவது ஹை பீக் டிரெயில். குரோம்ஃபோர்ட் அண்ட் ஹை பீக் ரயில்வே என்ற பெயரில் 1830-31இல் திறந்து, 1967இல் மூடிய தடம். தொடக்கத்திலேயே ஷீப் பாஸ்ச்சர் சரிவு. எட்டு ஒன்பது அடி போனால் ஓர் அடி உயரும். அப்படியே ஒரு கிலோமீட்டருக்கும் மேல். மேலே ஒரு நீராவி இயந்திரம் நின்று, வேகன்களைக் கயிறு கட்டி இழுத்த இடம் இது. 1888இல் இரண்டு வேகன்கள் அறுத்துக்கொண்டு உருண்டுவந்து, கால்வாயையும் அதற்கு அப்பாலிருந்த ரயில் பாதையையும் தாண்டிப் பாய்ந்தன. அதற்குப் பிறகு, ஓடிவரும் வேகன்களைப் பிடிக்க அடிவாரத்தில் ஒரு குழி வெட்டினார்கள். நொறுங்கிய வேகன் ஒன்று இன்றும் அதில் கிடக்கிறது. நின்று பாருங்கள். மாலையில் இதே சரிவில்தான் நீங்கள் இறங்கி வரப்போகிறீர்கள்.

ஏறும்போது வேகம் வேண்டாம். இருப்பதிலேயே லேசான கியரில் போட்டு, இருக்கையை விட்டு எழாமல் மிதியுங்கள். எழுந்து நின்றால் பின்சக்கரம் கப்பியில் வழுக்கிச் சுற்றும். அடுத்து வரும் மிடில்டன் சரிவும் கிட்டத்தட்ட இதே செங்குத்துதான். அதன் உச்சியில், 1829ஆம் ஆண்டு இயந்திரம் இருக்கும் வீடு நிற்கிறது. அங்கே தண்ணீர் குடியுங்கள். நாளின் பெரிய ஏற்றம் முடிந்தது. ஹாப்டனில் இன்னொரு சரிவு உண்டு, 14க்கு 1. அது பெரிய தொல்லை இல்லை.

லாங்கிளிஃப் தாண்டியதும் உலகமே மாறிவிடும். கிட்டத்தட்ட சமதளமான தடம், இரு பக்கமும் சாந்தில்லாமல் அடுக்கிய கற்சுவர்கள், உச்சியில் மரக்கூட்டத்தோடு நிற்கும் மினிங்லோ குன்று. அதன் அருகே கோத்தம் வளைவு. சுமார் 50 மீட்டர் ஆரத்தில் ரயிலை எப்படித் திருப்பினார்கள் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாகத்தான் இருக்கும். இங்கே கவனிக்க வேண்டியது காற்று. வடமேற்காகப் போகிறோம், மேற்கிலிருந்து காற்று வீசும் நாட்கள் அதிகம், மண்கரை மேல் ஒதுங்க இடமில்லை. அப்புறம் தண்ணீர். சுண்ணாம்புக்கல்லில் மழைநீர் தங்காமல் உள்ளே இறங்கிவிடும். இந்த மேட்டுக்கு ரயிலிலேயே தண்ணீர் கொண்டுவந்த காலம் உண்டு. இரண்டு பாட்டில் நிரப்பிக்கொண்டு வாருங்கள்.

பார்ஸ்லி ஹேயில் உணவும் கழிப்பறையும் கிடைக்கும். சாப்பிட்டுவிட்டு, வந்த வழியே சற்றுத் திரும்பினால் டிஸ்ஸிங்டன் டிரெயில் பிரிகிறது. 1899இல் வந்த ரயில் பாதை, 1971இல் டிரெயில் ஆனது. தெற்கே போகப் போக இறக்கம்தான். குழந்தைகளும் நாய்களும் அதிகம், மணி அடித்து வேகத்தைக் குறையுங்கள்.

டிஸ்ஸிங்டன் கிராமத்தில் தடத்தை விட்டு, பிராட்போர்ன் பக்கம் இறங்கும் சந்துச்சாலையைப் பிடியுங்கள். கீழே ஓடை சாலையைக் குறுக்கே கடக்கும். பாசி வழுக்கும், பக்கத்தில் இருக்கும் நடைபாலத்தில் தள்ளிக்கொண்டு போய்விடுங்கள். அதன் பிறகு பிராட்போர்ன், பிராசிங்டன் வழியாக லாங்கிளிஃப் வரை ஏற்றம். களைத்த காலுக்கு இதுதான் உண்மையான சோதனை. அதனால் பார்ஸ்லி ஹேயில் வயிறு நிறையச் சாப்பிடச் சொல்வேன்.

லாங்கிளிஃபிலிருந்து காலையில் வந்த தடம். சரிவுகளில் இறங்கும்போது உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். முன்பிரேக்கை மட்டும் அழுத்தினால் கப்பியில் சக்கரம் நழுவும். எதிரே ஆள் தெரிந்தால் நடைவேகத்துக்கு வந்துவிடுங்கள்.

சைக்கிள் பற்றிக் கொஞ்சம். 40 முதல் 45 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயர் போதும். என் எடை 62 கிலோ. 45 மில்லிமீட்டர் டயரில் முன்னால் 28, பின்னால் 31 பிஎஸ்ஐ வைக்கிறேன். எடை கூடினால் காற்றும் கூட வேண்டும். மழை நாளில் இந்தச் சுண்ணாம்புப் பொடி சாம்பல் நிறக் கூழாகி, செயினிலும் பிரேக்கிலும் அப்பிக்கொள்ளும். ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் கரகரவென்று அரைக்கும் சத்தம் கேட்கும். அது பிரேக் பேடு தேயும் சத்தம். ரெசின் (பிசின் கலவை) பேடை விட உலோகக் கலவையிலான சின்டர்டு பேடு ஈரத்தில் நீண்ட நாள் உழைக்கும். வீட்டுக்கு வந்ததும், காய்வதற்குள் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். காய்ந்துவிட்டால் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும், சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கழுவித் துடைத்த கையோடு செயினுக்கு எண்ணெய்.

கேட் மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள், திறந்திருந்தால் அப்படியே விடுங்கள். கன்றோடு மாடு நின்றால் இறங்கி, விலகி நடங்கள். குதிரையைப் பின்னாலிருந்து நெருங்கும்போது மட்டும் மணி வேண்டாம். தூரத்திலேயே ஹலோ சொல்லுங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரை அவ்வளவாக மிரளாது. டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும் என்பதால், இந்தச் சுற்றுக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரையான மாதங்களையே பரிந்துரைப்பேன். பள்ளத்தாக்குகளில் போன் சிக்னல் போய்விடும். போகும் வழியை வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். அடிபட்டால் 999 அழைத்து, முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ (மலை மீட்புக் குழு) என்று கேட்க வேண்டும்.

இது பழகிவிட்டால், அடுத்த முறை பார்ஸ்லி ஹேயில் தெற்கே திரும்பாமல் வடக்கே போங்கள். பென்னைன் பிரைடில்வே என்ற நெடுந்தூரக் குதிரை வழியின் அடையாளங்களைப் பிடித்து, செல்மோர்ட்டன் வழியாக வை ஆற்றங்கரைக்கு இறங்கினால் மான்சல் டிரெயில், இதுவும் பழைய ரயில் தடம்தான். 2011இல் திறந்துவிட்ட ரயில் சுரங்கங்கள் அதில் இருக்கின்றன, சில 400 மீட்டர் நீளம். சுரங்க விளக்குகள் பகலில்தான் எரியும், சைக்கிள் விளக்கு கட்டாயம். ஹெட்ஸ்டோன் பாலத்தைக் கடந்து பேக்வெல்லில் போய் முடியும். அந்த ஊருக்கு ரயில் கிடையாது. காரில் வந்து கூட்டிப்போக ஆள் ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.