பேச்சுத் தமிழ் கற்றுத்தர, எல்லோருக்கும் சொந்தமான ஒரு தளம் கட்டுவது எப்படி

எடுத்த எடுப்பில் கம்ப்யூட்டர் நிரல் எழுத உட்காராதீர்கள். முதலில் வாக்கியம் சேருங்கள்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலைக்கு வந்திருக்கும் ஒடிசா, பீகார் ஆட்களுக்குப் பேச்சுத் தமிழ் சொல்லித்தரும் சின்னக் குழு எங்களுடையது. பகலில் கணக்கு எழுதுகிறேன், ராத்திரியில் இந்த வேலை. தளம் கட்டலாம் என்றதும் குழுவில் கம்ப்யூட்டர் தெரிந்த பையன்கள் "எந்த ஃப்ரேம்வொர்க்?", அதாவது எந்த ஆயத்த நிரல் சட்டகத்தை வைத்துக் கட்டுவது என்றுதான் ஆரம்பித்தார்கள். மென்பொருளை இன்னொருவர் திரும்ப எழுதிவிடலாம். சேர்த்த வாக்கியமும் குரல்பதிவும் தொலைந்தால் தொலைந்ததுதான்.

"நான் பள்ளிக்குச் செல்கிறேன்" என்பது தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு எதற்கு? "பீஸ் ரேட் எவ்வளவுங்க?", "சம்பளம் எப்பப் போடுவீங்க?", "காய்ச்சலா இருக்குதுங்க, நாளைக்கு லீவு வேணும்". இப்படி வேண்டும். படிக்க வருகிறவர்களிடமே கேளுங்கள்: இந்த வாரம் என்ன சொல்ல முடியாமல் தவித்தீர்கள்? அந்தப் பதில்தான் பாடத்திட்டம்.

எல்லாவற்றையும் ஒரு சாதாரண அட்டவணையில் போடுங்கள். தமிழ் வாக்கியம், இந்தி, ஒடியா, எழுதியவர், சரிபார்த்தவர், அப்புறம் மிக முக்கியமாக ஏற்றுக்கொள்ளக்கூடிய மாற்று விடைகள். "வரேன்" என்றாலும் சரி, "வர்றேன்" என்றாலும் சரி. பேச்சுத் தமிழுக்கு ஒரே எழுத்துமுறை கிடையாது; ஒன்றை மட்டும் சரியென்று வைத்தால் சரியாகப் பேசுகிறவருக்கும் சிவப்புக் கோடு விழும். உச்சரிப்பை இந்தி எழுத்திலும் கொடுங்கள். தமிழில் ஒரே 'ப'தான் பல்லுக்கும் பஸ்ஸுக்கும். இந்தியில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து இருக்கிறது.

கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்தைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் ஒரு கண்ணி உண்டு. 'கொ' என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. விடையை ஒப்பிடுமுன், யூனிகோடிலேயே உள்ள என்எஃப்சி என்னும் முறையில் இரண்டு பக்கத்தையும் சீராக்கிவிட்டால் இது தீர்ந்துவிடும். ஆனால் 'கௌ' எழுத 'கெ' போட்டு 'ள' சேர்க்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அதை எந்தச் சீராக்கமும் பிடிக்காது, ஆள்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது உரிமம், அதாவது நம் வாக்கியங்களைப் பிறர் எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்பது. இதை முதல் வாக்கியம் சேரும்போதே முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் பிறகு எழுதியவர்கள் ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டியிருக்கும். மொழி கற்றுத்தரும் செயலியான டுவோலிங்கோவில் 2013 முதல் தன்னார்வலர்கள் பல மொழிப் பாடங்களை எழுதினார்கள். 2021-இல் நிறுவனம் அந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டு, அவர்களுக்குப் பணமும் கொடுத்து அனுப்பியது. மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முடிவு எடுத்தவர்கள் பாடம் எழுதியவர்கள் அல்ல. பல மொழி வாக்கியங்களைச் சேர்க்கும் டாட்டோஎபா தளம் அப்படியில்லை: அங்குள்ள வாக்கியங்கள், பிறர் எடுத்தாள அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமத்தில் இருக்கின்றன, யாரும் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். மொசில்லாவின் குரல் சேகரிப்புத் திட்டமான காமன் வாய்ஸ், குரல்பதிவுகளை எந்த நிபந்தனையும் இல்லாத சிசி ஜீரோவில் விட்டது. எங்கள் வாக்கியங்களுக்கு நாங்கள் எடுத்தது சிசி பை-எஸ்ஏ. எடுத்து மாற்றி வெளியிடுகிறவரும் எழுதியவர் பெயரைச் சொல்லி, அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். மென்பொருளுக்கு ஏஜிபிஎல் என்னும் திறமூல உரிமம்: நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். சாதாரண ஜிபிஎல் என்றால், ஒருவர் நம் நிரலை மாற்றித் தன் சர்வரில் ஓட்டிவிட்டு மூலத்தைக் காட்டாமல் இருந்துவிடலாம். ஏஜிபிஎல்லில், சர்வர் வழியாகப் பயன்படுத்துகிறவருக்கும் மூல நிரல் கிடைக்க வேண்டும்.

குரல்பதிவுக்கு ஸ்டுடியோ வேண்டாம். ஃபேன் நிறுத்திய அறை, துணி மூட்டைகள் இருந்தால் இன்னும் நல்லது, எதிரொலி அடங்கும். திருப்பூரில் அதற்கா பஞ்சம்! ஆணும் பெண்ணும் பேச வேண்டும், இழுத்து இழுத்து வாசிக்கக் கூடாது. பேசியவரிடம் எந்த உரிமத்தில் போகிறது என்று விளக்கி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். குரல் ஆளை அடையாளம் காட்டும். ஒருமுறை வெளியே போய்விட்டால் திரும்பப் பிடிக்க முடியாது.

இப்போது மென்பொருள். முதல் பதிப்புக்கு ஒரு வரி கூட எழுத வேண்டியதில்லை. அட்டவணையை, அன்கி என்னும் மனப்பாடச் செயலிக்கான கேள்வி-பதில் அட்டைக்கட்டாக மாற்றி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அதன் ஆண்ட்ராய்டு வடிவமான அன்கிட்ராய்டு இலவசம், கட்டை ஏற்றிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும், மறக்கப்போகும் நேரம் பார்த்துத் திரும்பக் கேட்கும். எந்த அட்டையில் எல்லோரும் தடுக்குகிறார்கள் என்று தெரிந்த பிறகு தளத்துக்கு வாருங்கள். லிப்ரலிங்கோ போன்ற, மொழி கற்றுத்தரும் திறமூலத் திட்டத்தில் பாடங்கள் யாம்ல் என்னும் வெறும் உரைக்கோப்புகளாக இருக்கும், நிரல் தெரியாத டீச்சரும் திறந்து திருத்தலாம். அதைப் பார்த்துவிட்டு, புதிதாக எழுதத்தான் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்.

கடைசியில் எல்லோரும் தள்ளிப்போடும் விஷயம்: டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, யார் பேரில்? ஆர்வமுள்ள ஒருவர் பேரில் வாங்கினால், அவர் வேலை மாறிப் போகும் நாளில் தளமும் போகும். ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் சங்கமாகப் பதியலாம். டொமைன், வங்கிக் கணக்கு, சர்வர் பாஸ்வேர்டு எல்லாம் சங்கத்திடம் இருக்கட்டும். நிர்வாகக் குழுவில் தமிழ் படிக்க வந்தவர்களுக்கும் இடம் கொடுங்கள். எங்கள் குழுவில் ஒடிசாக்காரர் ஒருவர்தான் எந்தப் பாடம் முதலில் என்று சண்டை போடுவார், பெரும்பாலும் அவர் சொல்வதே சரியாக இருக்கும். மாதம் ஒருமுறை அட்டவணை, ஒலிக்கோப்பு எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாக, யாரும் இறக்கிக்கொள்ளும்படி பொதுவில் போடுங்கள். போட்டதை வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கித் திறந்தும் பாருங்கள்.