கச்சான் காலத்தில் களப்பில் கனோ

கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் திருகோணமலைக்கு வரும் மச்சான்மார் முதலில் கேட்பது, "புறாத்தீவில கூடாரம் அடிக்கலாமா?" என்றுதான். முடியாது. 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இடம் அது. நிலாவெளியிலிருந்து படகில் போய், பவளப்பாறையைப் பார்த்துவிட்டுப் பகலோடு திரும்பிவிட வேண்டும். உள்துறைமுகமும் வேண்டாம், அங்கே கடற்படைத் தளம். கனோவுக்கு ஏற்றவை களப்புகள், அதாவது கடலோர உப்பேரிகள்தான். நகருக்கு வடக்கே சாம்பல்தீவு இருக்கிறது, அதைத் தாண்டினால் இறக்கக்கண்டி. இன்னும் வடக்கே போனால் கொக்கிளாய். அது 1951 முதல் பறவைகள் சரணாலயம், ஆகவே பகலில் பார்த்துவிட்டு வருவதோடு சரி.

மே முதல் செப்டெம்பர் வரைதான் இதற்குக் காலம். மழை குறைவு, ஆனால் கச்சான் இருக்கும். மேற்கிலிருந்து, காய்ந்த தரையைத் தடவிக்கொண்டு சூடாக வரும் காற்று. கரையில் நிற்பவருக்கு வியர்வை காயும், அவ்வளவுதான். கனோவில் இருப்பவரை அது கிழக்கே, கடல் பக்கமாகத் தள்ளும். களப்பின் முகத்துவாரமும் அந்தப் பக்கம்தான். கோடையில் பெரும்பாலும் மணல் திட்டு அதை அடைத்திருக்கும். திறந்திருக்கும் நாளில் வெளியே ஓடும் நீரும் காற்றும் ஒன்றுசேர்ந்தால், இரண்டு பேர் வலித்தாலும் திரும்புவது கஷ்டம். அதனால் என் பிள்ளைகளுக்கு நான் போட்டிருக்கும் சட்டம் இது: போகும்போது காற்றுக்கு எதிராகப் போ, களைத்த பிறகு காற்றோடு வா. முகத்துவாரத்தைக் கரையால் நடந்து போய்ப் பார், கனோவில் போகாதே.

இறங்குமுன் கரையில் வலை பொத்துகிற யாரையாவது கேளுங்கள். "அண்ணை, இண்டைக்குக் காத்து எப்பிடி?" என்றால் போதும். அவர் சொல்வது கைபேசியில் வரும் வானிலையைவிட மேல். எங்கே வலை கட்டியிருக்கிறது, எந்தப் பக்கம் முதலை படுக்கிறது என்பதையும் அவரே சொல்லிவிடுவார். தண்ணீரில் நட்ட கம்புகள் தெரிந்தால் சுற்றிப் போங்கள், அது ஒருவருடைய பிழைப்பு.

தனியாகப் போகிறவர்கள் பின்னால் உட்கார்ந்ததும் கனோவின் மூக்கு மேலே எழும்பும். காற்று அதைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்கும், துடுப்பு முழுக்க அதைச் சரிசெய்யவே செலவாகிவிடும். குடிதண்ணீர் எப்படியும் கொண்டுபோக வேண்டுமே, அந்த 20 லீற்றர் கேனை முன்னால் வைத்துக் கட்டுங்கள். மூக்கு பணியும், கனோ நேராகப் போகும். எதிர்க்காற்றுக்குப் பாரம் சற்று முன்னால், காற்றோடு வரும்போது சற்றுப் பின்னால். காற்று பலத்தால் இருக்கையை விட்டு இறங்கி முட்டுக்காலில் இருந்து வலியுங்கள். நீச்சல் தெரியும் என்று சொல்லி உயிர்காப்பு அங்கியைக் கழற்றுகிறவர்களை நான் ஏற்றுவதில்லை.

பல இடங்களில் ஒரு முழத் தண்ணீர்தான், இறங்கி இழுக்க நேரும். வெறுங்காலோடு இறங்க வேண்டாம், மட்டி ஓடு கிழித்துவிடும். காலைத் தூக்கி வைக்காமல் சேற்றில் தேய்த்துத் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப் போகும்.

கூடாரத்துக்குக் களப்புக் கரை வேண்டாம். முதலை ஒன்று, நுளம்பு இன்னொன்று. களப்புக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணல்மேடுதான் என் தேர்வு. அங்கேயும் தென்னைக்குக் கீழே அடிக்காதீர்கள். கரைவலை இழுக்கும் இடத்தில் அடித்தால் விடியற்காலையில் ஆட்கள் வந்து எழுப்புவார்கள், அது அவர்களுடைய இடம். முதல்நாள் மாலையே கேட்டுவிட்டால் எங்கே அடிக்கலாம் என்று அவர்களே காட்டுவார்கள்.

கூடாரத்தோடு வரும் இரும்பு முளை மணலில் நிற்காது. நான் கொண்டுபோவது வெறும் அரிசிப் பைகள், ஐந்து கிலோ பிடிக்கிற அளவு. மணலை நிரப்பி, வாயை இறுக்கி, கயிற்றைப் பையின் நடுவில் சுற்றிக் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து மேலே மிதித்துவிட வேண்டும். கயிறு சாய்வாக வெளியே வரட்டும், நேர் மேலே வந்தால் பை கிளம்பிவிடும். மேற்குப் பக்கத்துக்குக் கூடுதலாக இரண்டு பைகள். வாசல் கடலைப் பார்க்கட்டும். கனோவையும் மேட்டுக்கு ஏற்றிக் கவிழ்த்துக் கட்டுங்கள், வெறும் கனோவைக் காற்று உருட்டிக்கொண்டு போய்விடும்.

சமையலுக்குப் பாண், சம்பல், ரின் மீன் போதும். மீன் பிடித்தால் அதைக் கழுவிய தண்ணீரையும் குடலையும் களப்போரம் கொட்டாதீர்கள், முதலைக்கு வெற்றிலை வைத்து அழைப்பதுதான் அது. அடுப்பை மணலால் மூடிவிட்டு வருவது இங்கே பலருக்கும் பழக்கம். மணலுக்கடியில் தணல் மணிக்கணக்காகச் சுடும், மேலே ஒன்றும் தெரியாது. விடிய வலை இழுக்க வருகிறவர்கள் வெறுங்காலோடுதான் வருவார்கள். கடல் தண்ணீரை வாளியில் அள்ளி ஊற்றி, கிளறி, கை வைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.