மழைக்கால கிரிக்கெட்டில் நாம் போடும் தப்புக் கணக்குகள்

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மழை இரண்டு தவணை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. எந்தத் தவணையில் சீசனைத் தொடங்கினாலும் முதல் சில வாரங்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தபடிதான் கழியும். மழையாவது பெய்து ஓய்ந்துவிடும், அதை வைத்து நாம் போடும் தப்புக் கணக்கு சீசன் முடியும்வரை கூடவே வரும்.

நம் வீட்டு முற்றத்து மழையை வைத்து ஆட்டம் இல்லை என்று முடிவு கட்டுவதுதான் அதிகம் பேர் செய்வது. தென்மேற்குப் பருவத்தில் குலசேகரம், திற்பரப்புப் பக்கம் ஓட்டைப் பிய்க்கிற மாதிரி கொட்டும்; அதே நேரம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலை சுற்றும், புழுதி பறக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்து மழையை நம்பிப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். மத்தியானம் போன் வந்தது: “எங்கல நிக்க மக்கா? இங்க செகண்ட் இன்னிங்ஸே தொடங்கியாச்சு.” அன்றிலிருந்து மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆளிடம் கேட்காமல் நான் முடிவு எடுப்பதில்லை. வடகிழக்குப் பருவத்தில் இதற்கு நேர்மாறு. காலையில் சுள்ளென்று அடிக்கும் வெயிலை நம்பிப் போனால், பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் இடி முழங்கும்.

மழை விட்டதும் “இன்னும் ஏன் தொடங்கவில்லை?” என்று அம்பயரிடம் கத்துவது அடுத்தது. நாஞ்சில் நாட்டு வயலோரத் திடல்களில் மேலே காய்ந்த மாதிரி தெரியும். காலை அழுத்தினால் செருப்பைச் சுற்றித் தண்ணீர் ஊறும். பிட்ச் தார்ப்பாய்க்கு அடியில் பத்திரமாக இருக்கலாம், ஆனால் பந்துவீச்சாளர் ஓடிவரும் தடம் நனைந்தேதான் கிடக்கும். மரத்தூளைக் கொட்டினாலும் அவர் கால் ஊன்றும் இடத்தில் வழுக்கினால் முட்டி போய்விடும். மைதானம் ஆடத் தகுந்ததா என்று முடிவு செய்வது கிரிக்கெட் சட்டப்படி அம்பயர்கள் மட்டும்தான். கேப்டனும் இல்லை, மதில்மேல் உட்கார்ந்திருக்கும் நாமும் இல்லை.

சரி, இலக்குக்கு வருவோம். டீக்கடைச் சண்டையில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. ஆட்டம் தாமதமாகத் தொடங்கி இரு அணிக்கும் சமமாக ஓவர் குறைத்தால் சிக்கலே இல்லை. எடுத்த ரன்னைவிட ஒன்று கூட அடித்தால் வெற்றி. நடுவில் மழை வந்தால்தான் வினை. முதல் அணி 20 ஓவரில் 150 எடுத்தது, இரண்டாவது அணி இறங்குவதற்கு முன் மழை பெய்து 10 ஓவர்தான் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். “பாதி ஓவர், பாதி ரன், 76 போதும்” என்பார்கள். மழையில் ஓவர் குறைந்தால் மிச்சமிருக்கும் ஓவரையும் விக்கெட்டையும் வைத்து இலக்கை மாற்றும் டக்வொர்த் லூயிஸ் முறையின் பழைய அட்டவணைப்படி போட்டால் 86 வரும். பத்து விக்கெட்டும் கையில் இருக்கும்போது பத்தே ஓவர் என்றால் யாரும் நிதானமாக ஆட மாட்டார்கள், அதனால்தான் அந்தப் பத்து ரன் கூடுதல். சில உள்ளூர் போட்டிகளில் சராசரியையே வைத்துக்கொள்வதும் உண்டு. டாஸுக்கு முன்பே எந்த விதி என்று கேட்டுவிடுங்கள். இலக்கு அறிவித்த பிறகு கேட்டால் அது கேள்வியாகக் கேட்காது, சண்டையாகத்தான் கேட்கும்.

புள்ளிப்பட்டியலை முதல் வாரத்திலேயே போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு. வெற்றிக்கு இரண்டு, முடிவில்லாத ஆட்டத்துக்கு ஆளுக்கு ஒன்று என்றால், இரண்டு ஆட்டம் மழையில் போன அணியும், ஒரே ஆட்டம் ஆடி ஜெயித்த அணியும் அதே இரண்டு புள்ளியில் நிற்கும். எத்தனை ஆட்டம் மிச்சம் என்ற கட்டத்தை முதலில் பாருங்கள். நெட் ரன்ரேட்டில், அதாவது ஓவருக்கு அடித்த ரன்னில் இருந்து ஓவருக்குக் கொடுத்த ரன்னைக் கழிக்கும் கணக்கில், முடிவில்லாத ஆட்டம் சேராது. 20 ஓவர் ஆட்டத்தில் 16.2 ஓவரில் ஆல் அவுட் ஆனாலும் 20-ஆல்தான் வகுக்க வேண்டும். அப்புறம், ஆல் அவுட் ஆகாமல் 16.2 ஓவரில் இலக்கை எட்டினால், அந்த 16.2 என்பது 16 ஓவர் 2 பந்து. கால்குலேட்டரில் அப்படியே தட்டினால் தப்பு, 16.33 என்று போட வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஈரப் பந்தைத் துண்டால் துடைத்துத் துடைத்து வீசி நாலு ஓவரில் 45 கொடுத்த ஸ்பின்னரை “இவன் தேறமாட்டான்” என்று எழுதிவிடாதீர்கள். பந்தே விரலில் நிற்காத நாள் அது. வெயில் வந்து பிட்ச் வெடிக்கத் தொடங்கட்டும், அப்போது அதே ஆளின் பந்தைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.