வீட்டுக்குள் வரும் நாவாய்ப் பூச்சியை நாற்றமில்லாமல் வெளியேற்ற

ஆரணி, ஆற்காடு, காட்பாடிப் பக்கம் வயலை ஒட்டிய வீடுகளில், கேடயம் போன்ற முதுகோடு பச்சையாகவோ கருப்பாகவோ ஒரு பூச்சி சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். குளிர்நாடுகளில் இதன் இனத்தைச் சேர்ந்த சில, பனிக்காலம் கழிக்கவே வீடுகளில் ஒண்டுகின்றன. நம் ஊரில் அதை இழுப்பது பெரும்பாலும் விளக்கு வெளிச்சம்தான். ரத்தம் குடிக்காது, நோய் பரப்பாது. பயப்பட வேண்டாம்.

துடைப்பத்தால் மட்டும் அடிக்காதீர்கள். மார்பின் அடிப்பக்கம், கால்கள் பொருந்தும் இடத்தருகே நாற்றச் சுரப்பி இருக்கிறது. நசுங்கினால் அந்தத் திரவம் சுவரில் கறையாகும், கண்ணில் பட்டால் எரியும். பட்டுவிட்டால் தேய்க்காமல் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

அகலமான டப்பாவில் அரை லிட்டர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம். பூச்சிக்கு நேர் கீழே டப்பாவைப் பிடித்து, மேலிருந்து அட்டையால் லேசாகத் தொடுங்கள். சீண்டினால் பிடியை விட்டுக் கீழே விழுவது அதன் வழக்கம். வெறும் தண்ணீரில் மிதந்து ஏறிவிடும். சோப்பு கலந்தால் மூழ்கும். ஒன்றிரண்டுதான் என்றால் டம்ளரால் மூடி, அட்டையைச் செருகி வெளியே விட்டாலே போதும்.

மருந்து அடிப்பது வீண். இன்று செத்தாலும் நாளை வயலிலிருந்து வேறு வரும். இடுக்கில் செத்தவற்றைத் தேடி எறும்பும் வரும்.

வாசல் விளக்கை அந்தி சாய்ந்ததும் அணைத்துவிடுங்கள், அல்லது மஞ்சள் எல்இடி பல்பு போடுங்கள். கதவடி இடைவெளிக்கு ரப்பர் பட்டை, ஜன்னலுக்குக் கொசுவலை. அலுமினிய ஜன்னல் தண்டவாளத்தில் மழைநீர் வடியும் ஓட்டையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதை அடைக்காமல், உள்பக்கம் வலைத்துண்டு ஒட்டுங்கள்.